போதகரின் செத்துப்போன மகள்

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி அறையில் கிழிந்த படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு என்று வருவதையெல்லாம் தைத்துக் கொடுக்கிற வேலை. கையில் எப்போதும் ஊசி. வாயிலும் அதேதான். கிழிசலைத் தூக்கிக்கொண்டு வருகிற நர்ஸ் பெண்களிடம், "இதுல நோயாளியைப் படுக்க வெச்சீங்களா, இல்ல இதை வெச்சுக் கயிறு இழுத்தீங்களா?" என்று கேட்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தை வீட்டு மாடியறையில் வளர்ந்தாள், அத்தை கண்ணை மூடிய பிறகும் அதே மாடியறையில் இருந்தாள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு, கடல் தாண்டிப் போய் ஒரு பெண்கள் காலேஜையே கட்டி எழுப்பிய அப்பா இருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? அவளும் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "அப்புறம் நீ ஏன் இங்க கிடக்கிற?" 

அப்பா போதகர். அவளைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா போய்ச் சேர்ந்தாள். இவள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த சமயம், கடலுக்கு அந்தப் பக்கம் பிழைக்கப் போனவர்களின் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அழைப்பு வந்தது. நம் பேச்சு பேசுகிற ஜனங்கள், அங்கே பெண் பிள்ளைகள் எழுத்து வாசனையே இல்லாமல் வளர்கிறார்கள் என்று கேட்டதும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழந்தையைத் தன் அக்காவின் இடுப்பில் ஏற்றிவிட்டு, "வந்துடறேன்" என்று சொல்லிக் கப்பலேறினார். இதை அத்தை சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். சொல்லும்போதெல்லாம் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வரவே இல்லை. எப்போதாவது ஒரு கடிதம் வரும். நன்றாகப் படி, ஜெபத்தை விடாதே, அத்தை பேச்சைக் கேள். விடுதிச் சுவரில் ஒட்டிவைத்த அறிவிப்பு மாதிரி இருக்கும், எந்தப் பெண்ணுக்கு வேண்டுமானாலும் பொருந்தும். பள்ளிப் படிப்பு முடிந்ததும், "உங்க காலேஜ்லயே படிக்க வரட்டுமாப்பா?" என்று எழுதிக் கேட்டாள். இந்த ஊர்க் காற்று உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று பதில் வந்தது. ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஒத்துக்கொள்கிற காற்று, பெற்ற மகளுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதாம். அதோடு கேட்பதை விட்டுவிட்டாள். அப்பாவுக்கு நான் வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு கட்டினவள், அந்த முடிவோடேயே நரைத்தும் போனாள்.

அவர் இறந்த செய்தி வந்தபோது ஒரு டாக்டர் கோட்டின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அழவில்லை. ஆனால் சில மாதம் கழித்து அந்தக் காலேஜின் பிரின்சிபால் போனில் கூப்பிட்டு, "எங்க நிறுவனர் நாளுக்கு நீங்க அவசியம் வரணும். ஐயா கடைசியா கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதான்" என்று சொன்னபோது ஆடிப்போனாள். சாகிற நேரத்தில் என்னை நினைத்தாரா? அப்போதுதான் விஷயம் தெரிந்துகொண்ட நர்ஸ் பெண்கள் ஆளாளுக்குப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்கள். அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றுமில்லை. அந்த ஊரில் யாராவது ஒருவர் அவளைக் கைகாட்டி, 'இவங்க அவரோட மகள்' என்று சொல்ல வேண்டும். காதால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.

காலேஜ் வாசலில் துணியில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டியிருந்தார்கள்: 'எங்கள் போதகர் ஐயாவின் அண்ணன் மகளை வரவேற்கிறோம்.'

அண்ணன் மகளா? அந்த மனிதருக்கு அண்ணனே கிடையாது! ஒரே ஒரு அக்கா, அவளும் போய்விட்டாள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்தபடி நின்றாள். பிரின்சிபால் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். கிட்டத்தட்ட இவள் வயதுதான், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி. 

"இது என்னங்க, தப்பா எழுதியிருக்கே?"

"தப்பில்லம்மா. நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் பிரின்சிபால், அவள் முகத்தைப் பார்க்காமல். "களைச்சு வந்திருக்கீங்க. படுத்து எழுந்திரிங்க, காலையில எல்லாம் சொல்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசிடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

இப்படிச் சொன்னால் யாருக்குத் தூக்கம் வரும்? ஒருவேளை அப்பா அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்தாரோ என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காக அவளே தலையில் அடித்துக்கொண்டாள். விடிந்ததும் விருந்தினர் அறையிலிருந்து இறங்கி, கால் போன போக்கில் நடந்தாள். கட்டடம் முழுக்கக் கருங்கல். நல்ல கட்டடம்தான், குறை சொல்ல முடியாது. பின்பக்கம் ஒரு பெரிய மரம், அதன் கீழே ஒரு வெள்ளைக் கல். அதைச் சுற்றி ஒரு மூதாட்டி பெருக்கிக்கொண்டிருந்தாள். முதுகு நன்றாக வளைந்திருந்தது, ஆனால் துடைப்பம் சுறுசுறுப்பாக ஓடியது.

"வாம்மா. நீதான் அண்ணன் பொண்ணா? என்னைக் கல்லுக்காரம்மான்னு சொல்வாங்க. இந்தக் கட்டடத்துல பாதிக் கல்லு என் தலைமேல வந்ததுதான்" என்றாள் மூதாட்டி. "முதல்ல குழந்தையைப் பாரு. உனக்குத் தங்கச்சி முறைதான, இல்ல அக்காவா?"

ஊசி அக்கா குனிந்து பார்த்தாள்.

கல்லில் இருந்தது அவளுடைய பெயர். அவளுடைய பிறந்த நாள். அதற்குப் பக்கத்திலேயே இறந்த நாளும் வெட்டியிருந்தார்கள். அதன்படி பார்த்தால் அவள் மூன்று வயதுகூட நிரம்பாமல் செத்துப்போயிருந்தாள்.

படிக்கத் தெரியாதவள் மாதிரி திரும்பத் திரும்பப் படித்தாள்.  செத்தது தெரியாமல்தான் இத்தனை வருஷம் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தோமா என்று ஒரு கிறுக்குத்தனமான நினைப்பு வேறு வந்தது. அவள் பெயருக்குக் கீழே இன்னொரு குழந்தையின் பெயர், ஆண் பெயர், சின்ன எழுத்தில் இருந்தது.

"கீழ இருக்கிறது எம் பையன்" என்றாள் கல்லுக்காரம்மா, துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு. "அந்த வருஷம் காய்ச்சல் வந்து வீட்டுக்கு வீடு பிள்ளைங்களை வாரிட்டுப் போச்சு. அப்ப இங்க எங்க குடிசைங்கதான் இருந்துச்சு. இவனை இந்த மரத்தடியிலதான் புதைச்சோம். உங்க சித்தப்பா ஆறுதல் சொல்றேன்னு வந்தாரு. எனக்கு வந்த கோபத்துல, 'பிள்ளையைப் பறிகொடுத்தவ வயிறு உனக்கென்னய்யா தெரியும், பேச வந்துட்ட'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். ஊர்ல ஒருத்தரும் அவரை உள்ள விடல, வாங்கன்னுகூடச் சொல்லல."

"அப்புறம்?"

"கொஞ்ச நாள்ல கையில தந்தியோட எங்க வாசல்ல வந்து நின்னாரு. 'எம் பொண்ணும் போயிட்டாம்மா'ன்னாரு. நான் அப்படிக் கேட்ட பாவம்தான்னு பதறிப்போயிட்டேன். அந்தக் குழந்தையோட சட்டை ஒண்ணு வெச்சிருந்தாரு, ஊர்லேந்து வரும்போது கொண்டாந்தது. அதை எம் பையனுக்குப் பக்கத்துலயே புதைச்சுக்கட்டுமான்னு கேட்டாரு. புதைச்சோம்." கல்லுக்காரம்மா முந்தானையால் கல்லின் மேற்புறத்தைத் துடைத்தாள். "அதுவரைக்கும் நான் தூங்கினதே இல்லம்மா. பால் குடிச்ச பிள்ளை, மண்ணுக்குள்ள தனியா என்ன பண்ணுதோன்னு கண்ணை மூடவே விடாது. அன்னிக்குத்தான் தூங்கினேன். துணைக்கு ஒரு அக்கா வந்துட்டாளேன்னு. அதுக்கப்புறம் என்னா, குடிசையைப் பிரிச்சு இடத்தைக் கொடுத்தோம். செத்த பொண்ணு பேர்ல ஊர்ப் பொண்ணுங்க படிக்கட்டும்னாரு, மறுபேச்சு இல்லாம கல்லு சுமந்தோம். பிள்ளையைப் பறிகொடுத்தவரு, நம்ம ஆளுன்னு ஆயிட்டாரே."

  ஊசி அக்கா தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே வேகமாகத் திரும்பி நடந்தாள்.

பிரின்சிபால் அறைக் கதவை அவள் தட்டவில்லை. தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"என்னை எப்பங்க கொன்னீங்க?"

பிரின்சிபால் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அப்படியே மறுபடி உட்கார்ந்தார். "எனக்கே அவர் படுத்த படுக்கையா இருந்தப்பதான் தெரியும்மா. அவர் வாயாலயே சொன்னார். உங்களுக்கு மூளைக் காய்ச்சல், பிழைக்க மாட்டீங்கன்னு டாக்டர்கள் கைவிட்டுட்டாங்கன்னுதான் உங்க அத்தை தந்தி அடிச்சிருக்காங்க. அதைப் பார்த்ததும் நீங்க போயிட்டீங்கன்னே அவருக்குத் தோணியிருக்கு. அந்த நிமிஷம் பொய் சொல்லணும்னு சொல்லலை."

"சரி. பிழைச்சுக்கிட்டேன்னு அத்தை அடுத்த தந்தி அடிச்சிருப்பாங்களே?"

"அடிச்சாங்க. அது வந்தப்ப அஸ்திவாரம் தோண்டிட்டாங்க. வயித்துப்பிள்ளைக்காரிகூடக் கல்லு தூக்கிட்டிருந்தா. 'நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன், கட்டடம் வளர்ந்துக்கிட்டே போயிடுச்சும்மா'ன்னு சொல்லி அழுதார்."

"கட்டடம் வளர்ந்துச்சு. நானும்தாங்க வளர்ந்தேன்."

 பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். என்ன மனிதரய்யா அந்தப் போதகர் என்று நமக்கே வயிறு எரிகிறது. ஒரு தந்தியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஒரு ஊரையும் ஒரு மகளையும் ஏமாற்றியிருக்கிறார். இத்தனைக்கும் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. அந்தக் காலேஜில் படித்து வெளியே போன பெண்கள் டீச்சராக, டாக்டராக, வக்கீலாக ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர் மட்டும் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கே ஒரு கல்கூட எழும்பியிருக்காது. அதையும் மறுப்பதற்கில்லை.

"நிறுவனர் நாளைத்தான் இங்க மகள் நாள்னு சொல்வோம்" என்றார் பிரின்சிபால் மெல்ல. "வருஷா வருஷம் புதுசா சேர்ந்த பொண்ணுங்கள்ல ஒருத்தியை ஐயா மகளாத் தேர்ந்தெடுத்துச் சால்வை போர்த்துவார். அந்தப் பொண்ணு அவர் முன்னாடி நின்னு ஒரு வாக்கியம் சொல்லணும். 'உங்கள் மகள் சாகவில்லை, இதோ இருக்கிறேன்.' அவர் எழுதிக் கொடுத்ததுதான். அதைக் கேக்கும்போதெல்லாம் உடைஞ்சு அழுவார். பாசத்துல அழறார்னுதான் நாங்க நினைச்சோம்."  "இந்த வருஷம் சால்வையை நீங்க போர்த்தணும். அண்ணன் மகளா. அந்தக் கல்லுக்காரம்மா இருக்கிற வரைக்குமாவது இதை வெளியில சொல்லாதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க."

ஊசி அக்கா வெளியே வந்தாள். சொல்வதா, விடுவதா? சொன்னால் அந்தக் கிழவியின் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் இவள் வந்த வழியே அண்ணன் மகளாகத் திரும்பிப் போக வேண்டும், கல்லுக்கு அடியில் செத்தவளாகவே கிடக்க வேண்டும்.

மண்டபத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. மேடையில் அப்பாவின் பெரிய படம். அவளுடைய மோவாய் அப்படியே அவருடையது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். முன்வரிசையில் கல்லுக்காரம்மாவைக் கைத்தாங்கலாக உட்காரவைத்திருந்தார்கள். சுற்றிலும் பழைய மாணவிகள், பழைய மகள்கள். ஆளுக்கொரு கதை. "என் கல்யாணத்துல ஐயாதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார்" என்றாள் ஒருத்தி. "எனக்கு டைபாய்டு வந்தப்ப பக்கத்துலயே உட்கார்ந்து ஈரத்துணி மாத்திப் போட்டார். அப்படி ஒரு பெரியப்பா உங்களுக்கு, கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள் இன்னொருத்தி.

"சித்தப்பா" என்று திருத்தினாள் ஊசி அக்கா. பொய்யையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? அவளுக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். 

மேடைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கம்பளிச் சால்வையைக் கையில் கொடுத்தார்கள். ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அந்த நேரத்திலும் அது அவள் கண்ணில் பட்டது. இந்த வருஷத்து மகள் வந்து நின்றாள். புதுச் செருப்பு போட்ட மெலிந்த பெண். சால்வையைப் போர்த்தியதும் அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பயத்தில் வாக்கியம் மறந்துபோயிற்று. எடுத்துக்கொடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி ஊசி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் எடுத்துக்கொடுக்கத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அவ்வளவுதான் எண்ணம். ஆனால் பெண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைப் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்கள் மகள் சாகவில்லை. இதோ இருக்கிறேன்."

குரல் அவள் சொன்னபடி கேட்கவில்லை. ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.  அடுத்த நொடி மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எத்தனை உருக்கம், எத்தனை பாசம், ரத்த சம்பந்தம் என்றால் சும்மாவா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். அவள் விக்கித்துப்போய் நின்றாள். வாழ்நாள் முழுக்க நெஞ்சில் கிடந்ததை ஊரறியச் சொல்லியாயிற்று. ஊர் கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டது. அவளிடம் இருந்தது அந்த ஒரு உண்மைதான், அதையும் அந்த மனிதர் வருஷா வருஷம் யார் யார் வாயிலோ போட்டுத் தேய்த்துவைத்திருந்தார். அந்தச் சின்னப் பெண் இப்போது தைரியம் வந்து அதே வாக்கியத்தைக் கணீரென்று சொன்னாள். அதற்கும் தட்டினார்கள்.

தட்டாதது இரண்டே பேர். பிரின்சிபால் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கல்லுக்காரம்மா கண்கொட்டாமல் ஊசி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் கலைந்தபோது அவள் மரத்தடிக்குப் போனாள். அந்தச் சின்னப் பெண்ணிடம் கேட்டு வாங்கிய சால்வையையும் ஊசி நூலையும் எடுத்துப் போயிருந்தாள். விட்டுப்போன ஓரத்தைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். நாலைந்து தையல் போட்டிருப்பாள், துடைப்பம் இல்லாமல் கல்லுக்காரம்மா வந்து எதிரே நின்றாள்.

"அந்த மோவாயை நான் எத்தனை வருஷமா பார்க்கிறேன்" என்றாள். "நீ அண்ணன் பொண்ணு இல்ல. அப்படித்தான?"

பொய் சொல்லிவிடலாம். ஒரே ஒரு சின்னப் பொய், நல்ல மனசோடு சொல்கிற பொய். அப்பாவும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார். ஊசி துணியில் குத்தியபடியே நின்றது.

"இல்லம்மா. இந்தக் கல்லுல இருக்கிறது நான்தான்."

கிழவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பேயறைந்தது போல முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் இவளைப் பார்த்தாள். மரத்தின் சருகு ஒன்று கல்மேல் விழுந்தது. அதை எடுத்துப் போடக்கூடக் கை எழவில்லை. திட்டுவாள், அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஊசி அக்கா நினைத்தாள். கிழவி கேட்டது வேறு.

"அப்ப எம் பிள்ளை இத்தனை வருஷமா உள்ள தனியாவா கிடக்கு?"

 அப்பா இறந்த செய்தி வந்த அன்று வராத அழுகை ஊசி அக்காவுக்கு இப்போது வந்தது. அப்பாவுக்காக வந்ததா, தனக்காக வந்ததா, பார்த்தே இராத அந்தப் பால்குடிப் பிள்ளைக்காக வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. சால்வையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்க் கிழவியின் பக்கத்தில், கல்லை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எவ்வளவு காலமா என் பேர்ல எனக்கு இங்க ஒரு இடம் போட்டு வெச்சிருக்கீங்க. அதைப் பெருக்கி வேற வெச்சிருக்கீங்க" என்றாள். "அது என் இடம்தான? யாருக்கும் கொடுத்துடாதீங்க. எங்க ஊர்ல எனக்குச் சொந்தம்னு ஆள் கிடையாது. நேரம் வரும்போது என்னை இங்கதான் கொண்டுவந்து வைக்கணும்னு பிரின்சிபால்கிட்டச் சொல்லிட்டுப் போறேன். அக்காதான நான் அவனுக்கு? கொஞ்சம் தாமதமாயிடுச்சு. வந்துடறேன்."

 கிழவி கையை நீட்டி அந்த மோவாயைப் பிடித்தாள். பிடி கெட்டியாக இருந்தது.

"உங்கப்பன் மாதிரி சொல்லிட்டு வராம இருந்துடாதே" என்றாள்.

உங்கப்பன். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அப்படி ஒருவர் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மோவாயை விடுவித்துக்கொள்ளத் தோன்றாமல் ஊசி அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.